கல்லாப் பெட்டியின் இரு பக்கமும்



காவாங்கரையிலிருந்து மூலக்கடை வரைக்கும் ஜி.என்.டி. ரோட்டின் ஓரமாய் நடந்துபோகிறவன் எத்தனை கடைகளைக் காண்கிறான்! மளிகைக் கடை, மருந்துக் கடை, இனிப்புக் கடை, தள்ளுவண்டியில் காய்கறி, கூடையில் மீன், இவற்றோடு குளிர்சாதனம் போட்ட பெரிய அங்காடிகளும் வரிசையாய் நிற்கின்றன. நம் குடும்பங்களில் சிலர் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் நின்று பிழைக்கிறவர்கள். மற்ற எல்லோரும் அதற்கு முன்னால் நின்று காசு கொடுக்கிறவர்கள். ஆனபடியினால் விலையைப் பற்றி எழும் சச்சரவு நமக்கு அந்நியமான காரியமல்ல. "போட்டிருக்கிற விலை ஒன்று, வாங்குகிற விலை ஒன்றா?" என்று ஒரு பக்கத்திலும், "இஷ்டமிருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் வைத்துவிட்டுப் போங்கள்" என்று மறு பக்கத்திலும் கேட்கிற சத்தம் நம் காதுகளுக்குப் பழகிப்போனதே.

இதைக் குறித்து மூன்று விதமான பேச்சு நம்மிடையே உலாவுகிறது. "இரண்டு ரூபாய்க்கும் மூன்று ரூபாய்க்கும் மனச்சாட்சி எதற்கு? அதெல்லாம் சட்டம் பார்த்துக்கொள்ளும்" என்கிறார் ஒருவர். "கொஞ்சம் முன்பின் இல்லாமல் வியாபாரம் செய்து பிழைக்க முடியுமா?" என்கிறார் இரண்டாமவர். "கடைக்காரன் நம்மிடம் எத்தனையோ தடவை அதிகம் வாங்கியிருப்பான், ஒருநாள் அவன் தவறிப்போய் மீதி அதிகமாய்க் கொடுத்தால் அதை வைத்துக்கொள்வதில் என்ன குற்றம்?" என்கிறார் மூன்றாமவர். இந்த மூன்று பேச்சையும் வரிசையாய் எடுத்து ஆராய்ந்து பார்ப்போம். ஏனெனில் ஏழாம் கற்பனை வீடு புகுந்து திருடுகிறவனுக்கு மட்டும் கொடுக்கப்பட்டதல்ல.

சட்டம் எதுவரைக்கும்?

சட்டத்தைப் பற்றி முதலில் தெளிவு வேண்டும். தெரியாமல் சண்டையிடுகிறவன் தானும் கெட்டுப் பிறரையும் நோகச் செய்கிறான்.

நம் நாட்டில் பொட்டலத்தில் அடைத்து விற்கும் சரக்குக்கு அதிகபட்ச சில்லறை விலை அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. எம்.ஆர்.பி. என்று நாம் சொல்வது அதைத்தான். எல்லா வரிகளும் அதற்குள் அடக்கம். 1976-ல் வந்த எடையளவுச் சட்டத்துக்குப் பதிலாக 2009-ல் சட்டமுறை எடையளவுச் சட்டம் இயற்றப்பட்டு, 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அச்சிட்ட விலைக்கு மேல் சில்லறைக் கடையில் விற்கக் கூடாது. அந்த விலையை அழிக்கவோ மறைக்கவோ கூட்டித் திருத்தவோ கூடாது. குளிர்ந்த பானத்தைக் கொடுத்துவிட்டு "கூலிங் சார்ஜ்" என்று 2 ரூபாய், 5 ரூபாய் சேர்த்து வாங்குவது பல இடங்களில் வழக்கமாயிருக்கலாம். வழக்கமாயிருப்பதனால் அது நியாயமாகிவிடாது. ஐஸ் பெட்டியின் மின்சாரச் செலவும் அந்த விலைக்குள் அடங்க வேண்டியதே.

ஆனால் இதிலும் ஒரு பேதம் உண்டு. ஓட்டலில் உட்காரவைத்துப் பரிமாறும்போது தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினால் அது இந்தச் சட்டத்தை மீறியதாகாது என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அங்கே விற்கப்படுவது பாட்டில் மட்டுமல்ல, இடமும் பணிவிடையும் சேர்ந்தே விற்கப்படுகின்றன என்பது அதன் நியாயம். ஆகையால் பெட்டிக்கடையில் கேட்க வேண்டிய கேள்வியை ஓட்டல் மேஜையில் கேட்டுச் சண்டையிட வேண்டாம்.

எடை விஷயத்திலும் விதி உண்டு. கடைத் தராசைத் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் காலந்தோறும் சோதித்து முத்திரையிட வேண்டும். இனிப்பை அட்டைப் பெட்டியோடு நிறுத்து, இனிப்பின் விலைக்கு அட்டையையும் விற்பது குறை எடையே. கிலோ 600 ரூபாய் விற்கும் இனிப்பில் பெட்டி 50 கிராம் இருந்தால், அந்த அட்டைக்கு வாங்குகிறவர் 30 ரூபாய் கொடுக்கிறார். பண்டிகை அவசரத்தில் யாரும் இதைக் கவனிப்பதில்லை. சர்வேசுரன் கவனிக்கிறார்.

பைக்குத் தனிக் காசு வாங்குவதைப் பற்றியும் வழக்கு நடந்திருக்கிறது. 2019-ல் சண்டிகர் நகரில், காலணி வாங்கியவரிடம் காகிதப் பைக்கு 3 ரூபாய் வாங்கிய கடை, அபராதமும் நஷ்ட ஈடுமாக 9,000 ரூபாய் செலுத்தும்படி நுகர்வோர் மன்றம் உத்தரவிட்டது. முன்னறிவிப்பு ஏதுமின்றி, பணம் செலுத்தும் இடத்துக்கு வந்த பிறகு பைக்குக் காசு கேட்பது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையமும் 2020 டிசம்பரில் தீர்த்தது. நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல், ஒரு தடவை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருக்கிறபடியால், வீட்டிலிருந்து மஞ்சள் பை கொண்டுபோகிறவனுக்கு இந்த வழக்கே எழாது.

இத்தனையும் சட்டம் சொல்கிறது. ஆனால் சட்டம் சொல்லாத இடம் இதைவிடப் பெரிது. அச்சிட்ட விலை மேல்வரம்பு மட்டுமே; அதுவே நியாயமான விலை என்று சட்டம் சாட்சி சொல்லவில்லை. மீனுக்கும் கீரைக்கும் தையற்கூலிக்கும் எந்த அச்சும் கிடையாது. ஆகவே "சட்டம் பார்த்துக்கொள்ளும்" என்று சொன்ன முதலாமவருக்கு நம் பதில் இது: சட்டம் வேலி மாத்திரமே. வேலிக்குள் பயிர் செய்வது உன் மனச்சாட்சியின் வேலை.

ரோடு தீவின் வியாபாரி

நியாய விலை என்பது என்ன? இந்தக் கேள்வி புதிதல்ல. கிறிஸ்து நாதர் பிறப்பதற்கு முன்னமே சிசரோ என்ற ரோமைப் பண்டிதர் கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் ஒரு வழக்கை ஆராய்கிறார். ரோடு தீவில் பஞ்சம். தானியத்தின் விலை ஏறிக் கிடக்கிறது. நல்லவனான ஒரு வியாபாரி அலெக்சாந்திரியாவிலிருந்து கப்பல் நிறைய தானியம் கொண்டுவருகிறான். தனக்குப் பின்னால் இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பதை அவன் வழியில் கண்ணால் கண்டிருக்கிறான். அதை ஊராருக்குச் சொன்னால் விலை இறங்கும். சொல்லாவிட்டால் கொள்ளை லாபம். அவன் சொல்லக் கடமைப்பட்டவனா? பாபிலோன் ஊர் தியோகெனஸ் என்ற ஞானி, "பொய் சொல்லவில்லையே, மௌனமாயிருந்தால் போதும்" என்றாராம். அவருடைய சீடர் அந்திபாத்தர், "மனிதர் எல்லோரும் ஒரே சமூகம், மறைக்கக் கூடாது" என்றாராம். சிசரோ சீடருடைய பக்கமே சாய்ந்தார்.

13-ம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் இதே வழக்கைக் கையில் எடுத்தார். நீதி என்னும் புண்ணியத்தைக் கண்டிப்பாய்ப் பார்த்தால், நாளைக்கு வரப்போகிறதைச் சொல்ல அவன் கடமைப்பட்டவனல்ல. இன்றைய விலைக்கு விற்றதனால் அவன் அநீதி செய்தவனாகான். ஆனாலும் சொல்லியிருந்தாலோ, விலையைத் தானாகக் குறைத்திருந்தாலோ, அது அதிகப் புண்ணியமாயிருக்கும் என்பது அவர் முடிவு. நம் தேசத்து 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டமும் ஏறக்குறைய இதையே உதாரணமாய்ச் சொல்கிறது: இரண்டு வியாபாரிகள் ஒப்பந்தம் செய்யும்போது விலை மாறப்போகிறதை ஒருவன் அறிந்திருந்தாலும், மற்றவனுக்கு அதைச் சொல்ல அவன் கட்டுப்பட்டவனல்ல.

அப்படியானால் வியாபாரிக்கு எல்லாம் சம்மதமா என்று அவசரப்பட வேண்டாம். அதே அர்ச்சியசிஷ்டவர் மூன்று காரியங்களைக் கண்டிப்பாய்ச் சொல்கிறார். முதலாவது, சரக்கில் கண்ணுக்குத் தெரியாத குறை இருந்து, அதனால் வாங்குகிறவனுக்கு நஷ்டமோ ஆபத்தோ வருமானால், விற்கிறவன் அதைச் சொல்லியே தீர வேண்டும். இரண்டாவது, வாங்குகிறவனுக்கு அவசரமும் தேவையும் அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக விலையை ஏற்றக் கூடாது. அவனுடைய தேவை உன்னுடைய சரக்கல்ல, உன்னுடையதல்லாததை நீ எப்படி விற்பாய்? மூன்றாவது, விற்பதனால் தனக்கு உண்மையான நஷ்டம் உண்டாகுமானால், அந்த நஷ்டத்தை விலையில் சேர்க்க விற்கிறவனுக்கு நியாயம் உண்டு. நியாய விலை ஊசி முனைபோல ஒரே புள்ளியில் நிற்பதல்ல, சிறிது ஏறவும் இறங்கவும் இடமுண்டு என்பதும் அவர் ஒப்புக்கொண்டதே.

நம் தமிழ்ப் பெரியோரும் இதில் குறைந்தவர்களல்லர். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் தாம் வாங்கும்போது மிகுதியாக வாங்காமலும், கொடுக்கும்போது குறைவாகக் கொடுக்காமலும், விலையை வெளிப்படையாய்ச் சொல்லி விற்றார்கள் என்று பட்டினப்பாலை அவர்களைப் புகழ்கிறது. பிறர் பொருளையும் தன் பொருள்போல் எண்ணிச் செய்வதுதான் வாணிகத்துக்கு வாணிகம் என்பது நடுவு நிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் வழி.

நம் கண்முன் நடந்த ஒரு வழக்கு

இந்தக் கொள்கையை வைத்து அண்மையில் நடந்த ஒன்றைப் பார்ப்போம். 2025 செப்டம்பர் 22 முதல் பல பொருள்களின் ஜி.எஸ்.டி. வரி குறைந்தது. சோப்பு, பற்பசை, ஷாம்பு, தலைக்கு வைக்கும் எண்ணெய் ஆகியவற்றின் வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாயிற்று. மறுநாளே கடைகளில் சச்சரவு எழுந்தது. பத்திரிகையைப் படித்தவர் "விலை குறைந்துவிட்டதே" என்கிறார். கடைக்காரர் பொட்டலத்தில் அச்சிட்டிருக்கிற பழைய விலையைக் காட்டுகிறார். யார் பக்கம் நியாயம்?

கணக்கை உதாரணமாய்ப் போடுவோம். வரியில்லாமல் 100 ரூபாய் பெறுமான சரக்கு முன்பு 118 ரூபாய். இப்பொழுது 105 ரூபாய். வரிப் பதிவு பெற்றுப் பொதுமுறையில் வரி செலுத்தும் பெரிய கடை, தான் சரக்கு வாங்கியபோது கட்டிய பழைய வரியைக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியும். ஆகையால் அது பழைய விலையை வாங்குமானால், அரசாங்கம் மக்களுக்கு விட்டுக்கொடுத்த வரியைத் தன் பையில் போட்டுக்கொள்கிறது. இதற்குச் சாக்கு இல்லை.

ஆனால் தெருமுனையில் இருக்கிற அண்ணாச்சி கடையை எண்ணிப் பாருங்கள். ஆண்டு விற்பனை 40 லட்ச ரூபாய்க்குள் இருப்பதால் வரிப் பதிவு செய்யாத சின்னக் கடை. அந்தச் சரக்கை அவர் முன்னமே வரியோடு சேர்த்து 108 ரூபாய் கொடுத்து வாங்கி அடுக்கிவைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வரியைக் கழித்துக்கொள்ள அவருக்கு வழி இல்லை. 105 ரூபாய்க்கு விற்றால் ஒவ்வொன்றிலும் 3 ரூபாய் கைநஷ்டம். இங்கே அர்ச். தோமாஸ் சொன்ன மூன்றாம் காரியம் பொருந்துகிறது. கைவசமுள்ள பழைய சரக்கு தீருமட்டும், தன் முதலுக்கு மோசமில்லாத விலையை அவர் கேட்டால், அவரைக் கொள்ளைக்காரன் என்று தெருவில் தூற்றுவது அநீதி. அந்த நஷ்டத்தை உற்பத்தி செய்த நிறுவனம் ஈடு செய்வதே முறை. அதைக் கேட்கும் பலம் சின்னக் கடைக்காரருக்கு எப்போதும் இருப்பதில்லை. ஆனால் புதுச் சரக்கு குறைந்த விலைக்கு வந்து இறங்கிய பிறகும் "பழைய சரக்குதான்" என்று சொல்லி விற்றால், அது பொய்யும் களவும் சேர்ந்த பாவம். ஒரே விலைதான் கேட்கிறார். முதல் வாரத்தில் அது நியாயம், பிற்பாடு அது அநியாயம். ஆகையால் மனச்சாட்சியுள்ளவன் விலையை மாத்திரம் பாரான், காரணத்தையும் பார்ப்பான்.

"கொஞ்சம் முன்பின் இல்லாமல் பிழைக்க முடியுமா?" என்று கேட்ட இரண்டாமவருக்கு இதுவே பதில். உண்மையான செலவையும் நஷ்டத்தையும் உழைப்பையும் சேர்த்து விலை கேட்க உனக்கு முழு உரிமை உண்டு. அதற்குப் பொய் தேவையில்லை. பொய் எப்பொழுது தேவைப்படுகிறதோ, அப்பொழுதே உன் விலை நியாயத்தைத் தாண்டிவிட்டது என்று அறிந்துகொள். விற்பதற்கும் வாங்குவதற்கும் நடுவே பாவம் இடுக்கில் அறைந்த முளைபோல நுழைந்துவிடுகிறது என்று சீராக் ஆகமம் எச்சரிப்பது இதனால்தான்.

வாங்குகிறவனுக்கும் ஒரு நீதி உண்டு

இதுவரை வாசித்தவர்களில் கடை வைத்திராதவர்கள் சந்தோஷமாய்த் தலையசைத்திருப்பீர்கள். இனி நம் பக்கம் திரும்புவோம்.

பழமொழி ஆகமத்தில் ஒரு கூர்மையான கவனிப்பு உண்டு. வாங்குகிறவன் கடையில் நிற்கும்போது சரக்கு மட்டம், மட்டம் என்று பழிக்கிறான். வாங்கிக்கொண்டு போனபின் தன் சாமர்த்தியத்தைச் சொல்லிப் பெருமை பேசுகிறான் என்று ஞானி நம்மை அப்படியே எழுதிவைத்திருக்கிறார். நல்ல மீனைப் பழைய மீன் என்று சொல்லி விலை குறைக்கிறவள், பழைய மீனைப் புது மீன் என்று சொல்லி விலை கூட்டுகிறவளைவிட எந்த விதத்தில் மேல்? இரண்டும் ஒரே பொய்யின் இரு முகங்கள்.

பேரம் பேசுவது தன்னிலே பாவமல்ல. ஆனால் எங்கே பேரம் பேசுகிறோம் என்று பாருங்கள். விடியுமுன்னே காசிமேட்டில் ஏலத்தில் எடுத்து, கூடை சுமந்து தெருத்தெருவாய் வருகிற அம்மாளிடம் 10 ரூபாய்க்குக் கால் மணி நேரம் வாதாடுகிறோம். குளிர்சாதனக் கடையிலே தொங்குகிற சீட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதை ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்துவிட்டு வருகிறோம். பலமுள்ளவனிடத்தில் வாய் அடைத்து, பலவீனமானவளிடத்தில் நியாயம் பேசுவது நீதியாகுமா? அவளுக்குச் சாயங்காலத்துக்குள் விற்றாக வேண்டும், ஐஸ் உருகுகிறது. அவளுடைய அந்த அவசரத்தைப் பிடித்து விலையை அமுக்குவது, மேலே சொன்ன இரண்டாம் காரியத்தை நாம் திருப்பிச் செய்வதே. தேவையுள்ளவனுடைய தேவையை விற்பது கடைக்காரனுக்குப் பாவமானால், தேவையுள்ளவளுடைய தேவையை மலிவாய் வாங்குவதும் பாவமே.

இப்பொழுது மூன்றாமவருக்கு வருவோம். தவறிக் கொடுத்த மீதி யாருடையது? அர்ச். தோமாஸ் இதற்கும் பதில் வைத்திருக்கிறார். விற்கிறவன் தங்கத்தைச் செம்பென்று எண்ணி விற்க, வாங்குகிறவன் அது தங்கம் என்று அறிந்தும் செம்பு விலை கொடுத்தால், அவன் அநியாயமாய் வாங்கியவன், திரும்பக் கொடுக்கக் கடமைப்பட்டவன். 100 ரூபாய்க்குப் பதில் 500 ரூபாய் நோட்டைக் கல்லாவில் இருக்கும் பெண் தவறிக் கொடுத்தால், அந்த 400 ரூபாய் உன் பையில் இருந்தும் உன்னுடையதல்ல.

"கடை முதலாளி கோடீசுவரன், அவனுக்கு என்ன குறைந்துபோகும்?" என்பாயோ? முதலாளியின் செல்வம் உனக்கு உரிமை தருவதில்லை. அதோடு, அநேக கடைகளில் இரவு கணக்கு முடிக்கும்போது கல்லாவில் குறைந்த தொகையை அங்கே இருந்த பிள்ளையின் சம்பளத்திலே பிடித்துக்கொள்கிறார்கள். நீ கோடீசுவரனிடம் எடுத்ததாக எண்ணுகிற 400 ரூபாயை, பஸ் ஏறி வேலைக்குப் போகிற ஓர் ஏழை வீட்டுப் பெண் தன் கூலியிலிருந்து கட்டுகிறாள். அவள் நம் பங்குப் பெண்ணாகவும் இருக்கலாம். "அவன் முன்பு என்னிடம் அதிகம் வாங்கினான்" என்கிற ஈட்டுக் கணக்கும் இங்கே நிற்காது. அதிகம் வாங்கினது ஒருவன், இழக்கிறது வேறொருத்தி. முன்பு அநியாயம் நடந்திருந்தால் அதைப் பகிரங்கமாய்க் கேட்க வழி உண்டு. ஒளித்து ஈடுகட்டிக்கொள்ள வழி இல்லை.

தட்டில் ஒட்டிய விலைச் சீட்டில் பிழை இருந்தால்? அலமாரியில் 80 ரூபாய் என்றிருந்து பில்லில் 95 ரூபாய் வந்தால் கேட்பது உன் உரிமை. கடைக்காரர் எழுதியதை நம்பி நீ எடுத்தாய். அவர் தன் எழுத்துக்கு மரியாதை கொடுப்பது அழகு. இருந்தாலும், அலமாரியில் வைத்திருப்பது வாங்க வரும்படி அழைப்பு மட்டுமே, கல்லாவில் சம்மதித்த பிறகுதான் விற்பனை முடிகிறது என்று 1953-ல் இங்கிலாந்தில் பூட்ஸ் என்ற மருந்துக் கடை வழக்கில் தீர்ப்பாகி, சட்ட மாணவர் எல்லோரும் இன்றும் அதைப் படிக்கிறார்கள். ஆகவே 1,500 ரூபாய் மிக்சியின் மேல் ஒரு பூஜ்யம் விட்டுப்போய் 150 என்று ஒட்டியிருந்தால், "போட்டிருக்கிறதே, கொடு" என்று பிடிவாதம் செய்வது நியாயமல்ல. அது பிழை என்று உனக்கே தெரியும். தெரிந்த பிழையிலிருந்து லாபம் எடுப்பது செம்பு விலைக்குத் தங்கம் வாங்குவதே.

சச்சரவு வந்தால் நடந்துகொள்ள வேண்டிய விதம்

நியாயம் உன் பக்கம் இருந்தாலும், கேட்கிற விதத்தில் நியாயத்தை இழந்துவிடலாம். பில் போடுகிற பெண் விலையை நிர்ணயிக்கிறவளல்ல. காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருக்கும் கடைப் பணியாளர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று நம் மாநிலத்தில் சட்டம் திருத்தப்பட்டது 2021-ல் தான். அதுவரை உட்காருவதற்குக்கூட அவர்களுக்கு உரிமை எழுதப்படவில்லை. அப்படிப்பட்டவளை வரிசையில் நிற்கும் பத்துப் பேர் முன்னிலையில் "திருட்டுக் கூட்டம்" என்று சொல்வது அவளுடைய நற்பெயரைக் களவாடுவது. பணத்தைத் திருப்பிக் கொடுப்பது எளிது. பெயரைத் திருப்பிக் கொடுப்பது அரிது.

தவறு செய்த சகோதரனைத் திருத்துவதற்கு நமதாண்டவர் சுவிசேஷத்தில் ஒரு ஒழுங்கைக் கற்பித்தார்: முதலில் தனிமையில், பிறகு ஓரிரு சாட்சிகளோடு, அதற்கும் இணங்காவிட்டால் சபையில். கடைச் சச்சரவுக்கும் இதைவிட நல்ல ஒழுங்கு இல்லை. முதலில் தாழ்ந்த குரலில், "தம்பி, இந்தக் கணக்கை ஒரு தரம் பாருங்கள்" என்று கேள். பாதித் தகராறு அங்கேயே முடியும். முடியாவிட்டால் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு மேலாளரிடம் பேசு. அதற்கும் செவிகொடாவிட்டால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய். தேசிய நுகர்வோர் உதவி மையத்தார் புகாரைப் பதிந்துகொள்வார்கள். அதற்கும் மேலே, 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையம் இருக்கிறது. 5 லட்ச ரூபாய் வரை பெறுமானமுள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். இதற்கெல்லாம் பில் வேண்டும். பில் கேட்பது சந்தேகப்படுவதல்ல. இரு பக்கத்துக்கும் அது சாட்சி.

கடைக்காரர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. குறை சொல்ல வருகிறவனை விரோதியாய் எண்ணாதேயுங்கள். சொல்லாமல் போய்விடுகிறவன் திரும்பி வரமாட்டான்; சொல்லுகிறவன் திரும்பி வர விரும்புகிறவன். சில்லறைக்குப் பதில் கேட்காமலே மிட்டாயைத் தள்ளாதேயுங்கள். மிட்டாய் வாங்க அவர் வரவில்லை. ஆள் பார்த்து விலை சொல்லாதேயுங்கள். 17-ம் நூற்றாண்டில் இங்கிலாந்திலே குவேக்கர் என்ற சபையார் இருந்தார்கள். நம் திருச்சபையைச் சேர்ந்தவர்களல்லர். ஆனாலும் பேரம் என்பதே பொய்க்கு இடம் என்று கண்டு, எல்லோருக்கும் ஒரே விலை என்று வைத்தார்கள். ஆரம்பத்தில் வியாபாரம் குறைந்தது. பிறகு, அறியாத குழந்தையை அனுப்பினாலும் அவர்கள் கடையில் ஏமாற்றம் இல்லை என்று ஊர் அறிந்தபோது, ஜனங்கள் அவர்களையே தேடிப் போனார்கள். 1844-ல் ராச்டேல் என்ற ஊரில் ஏழைத் தொழிலாளிகள் கலப்படமற்ற சரக்கு, சரியான எடை என்ற கொள்கையோடு கூட்டுறவுக் கடை திறந்தார்கள். அந்த வழியைப் பின்பற்றி நம் சென்னையிலே 1904-ல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. ஒரு குழந்தையைக் கையில் காசும் துண்டுச் சீட்டும் கொடுத்து உன் கடைக்குப் பயமில்லாமல் அனுப்பலாம் என்று தெருவார் சொல்வார்களானால், அதைவிடப் பெரிய விளம்பரம் உனக்கு வேண்டாம்.

திரும்பக் கொடுத்தல்

"எல்லாம் அற்பத் தொகைதானே" என்கிற சாக்கு இன்னும் ஒன்று மிச்சம். 1679-ல் பாப்பரசர் பதினோராம் இன்னோசென்சு ஒழுக்கத்தைத் தளர்த்துகிற பல கருத்துகளைக் கண்டித்தபோது, சிறு சிறு களவுகளாய்ச் சேர்த்தது எவ்வளவு பெரிய தொகையானாலும் அதைத் திரும்பக் கொடுக்கும் கனமான கடமை இல்லை என்ற கருத்தையும் கண்டித்தார். இதன் பொருள் கடைக்காரர்களுக்கு நன்றாய் விளங்கும். ஒரு ஆளுக்கு 10 கிராம் குறைப்பது அற்பம். ஆயிரம் பேருக்குக் குறைத்தால் 10 கிலோ அரிசி. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி குறைந்ததை யாரும் காணவில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் பல நாள் சோறு உன் கிடங்கில் இருக்கிறது.

பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்புக் கேட்டால் மாத்திரம் இது தீராது. எடுத்ததைக் கொடுக்க வேண்டும். சக்கேயு ஆண்டவரைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்ட அன்றே, வஞ்சித்து வாங்கினதை நாலு மடங்காய்த் திருப்புவதாக வாக்குக் கொடுத்தார். உங்களிடம் நாலு மடங்கு யாரும் கேட்கவில்லை. இழந்தவர் இன்னார் என்று தெரிந்தால் அவருக்கே கொடுங்கள்; வெட்கமாயிருந்தால் பெயர் சொல்லாமலே சேர்ப்பிக்கலாம். இழந்தவர் யாரென்று அறிய முடியாவிட்டால் ஏழைகளுக்குக் கொடுங்கள். தராசைத் திருத்தி, இனி வருகிறவர்களுக்குச் சரியாய் நிறுங்கள். கல்லாப் பெண் தவறிக் கொடுத்ததாயின், அன்று கடை மூடுமுன் போய்க் கொடுத்துவிடுங்கள். கணக்கு முடிந்தபின் கொடுத்தால் அவளுக்கு அதனால் பயனில்லாமலும் போகலாம்.

இந்த வாரத்து ஆத்தும சோதனைக்காகச் சில கேள்விகள். விற்கிறவர்கள் கேட்டுக்கொள்ள: என் தராசில் நான் என் தாய்க்கு நிறுத்துக் கொடுப்பேனா? காரணம் கேட்டால் வெட்கப்படாமல் சொல்லக் கூடிய விலையைத்தான் வாங்குகிறேனா? என்னிடம் வேலை செய்யும் பிள்ளைகளை நான் பொய் சொல்லும்படி பழக்கியிருக்கிறேனா? வாங்குகிறவர்கள் கேட்டுக்கொள்ள: நல்ல சரக்கை மட்டம் என்று சொன்னேனா? பலவீனமானவரிடம் மட்டும் வீரம் காட்டினேனா? எனக்குச் சேராத மீதி என் வீட்டில் இருக்கிறதா? என் கோபத்தை, அதற்குக் காரணமல்லாத ஒரு கூலிக்காரப் பெண்ணின் மேல் கொட்டினேனா?

கல்லாப் பெட்டியின் இரு பக்கத்திலும் நிற்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரே கிராதியருகே முழந்தாளிட்டு ஒரே அப்பத்தை வாங்குகிறார்கள். திங்கட்கிழமை அவர்கள் மறுபடியும் எதிரெதிராய் நிற்கும்போது, நடுவில் இருப்பது பெட்டி மாத்திரமாயிருக்கட்டும். களவும் பொய்யும் அங்கே இல்லாதிருக்கட்டும்.

உங்கள் பங்குக் குரு